வாந்திக்கு வந்த மரியாதை

எங்கள் காலத்தில் மசக்கை வாந்திக்குக் காரணம் தெரியாத ஆளே ஊரில் கிடையாது. பிள்ளைக்குத் தலைமுடி அடர்த்தி என்றால் குமட்டும். வயிற்றில் இருப்பது பெண் என்றால் காலையில் வரும், ஆண் என்றால் அந்தியில் வரும். இதையே மாற்றிச் சொன்ன அத்தைமாரும் உண்டு. இரண்டு கட்சிக்கும் சந்தேகம் என்பதே கிடையாது. இதிலெல்லாம் அடங்காமல், குடித்த கஞ்சித் தண்ணீரும் நிற்காமல் ஒருத்தி சுருண்டு கிடந்தால், கடைசியாக ஒரு காரணம் கைவசம் இருந்தது. செல்லம். அம்மா வீட்டுக்குப் போக அடிபோடுகிறாள்.

நான் சுருண்டு கிடந்தது 1987இல், மாயவரத்துக்குப் பக்கத்தில், இரண்டு பந்தியாகச் சாப்பாடு நடக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தில். கட்டிலுக்கு அடியில் அடுப்புச் சாம்பல் போட்ட பழைய அலுமினியக் குண்டான் ஒன்று இருக்கும். உலை கொதிக்கும் வாசனை வந்ததும் அதை இழுத்துக்கொள்வேன். சோறு வடிக்கிற வாசனை ஒரு மனுஷியை விரட்டும் என்று காவேரிப் பாசனத்தில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? படித்தவராயிற்றே என்று லேடி டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா. வேலையில கவனத்தைத் திருப்பு, தானா நின்னுடும்" என்றார். என் மாமியார் அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு போல வீட்டில் வாசித்தார். மறுநாளிலிருந்து பத்துப்பாத்திரமும் என் கவனத்துக்கு வந்தது.

மனசுதான் என்பது அந்த டாக்டரின் சொந்தச் சரக்கு இல்லை, பாவம். மேல்நாட்டு மருத்துவமே அப்படித்தான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. உள்மனசுக்குப் பிள்ளை வேண்டாம், அதனால் வாய் வழியாகத் தள்ளப் பார்க்கிறது என்று ஃபிராய்டின் வழிவந்தவர்கள் எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் மார்லினா ஃபேஸோ என்ற மரபணு ஆராய்ச்சியாளருக்கு 1999இல் இந்த வாந்தி வந்தது. படித்த ஊர், படித்த பெண். கவனத்தை இழுக்கத்தான் இப்படியெல்லாம் என்கிற தோரணையில்தான் அவருடைய டாக்டரும் பேசினாராம். ஃபேஸோ நாலாவது மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்தார். எங்கள் தெருவில் என்றால் இதை விதி என்று முடித்திருப்பார்கள். அவர் விடவில்லை. 23அண்ட்மீ என்ற கம்பெனிக்கு எச்சில் அனுப்பி மரபணுவைத் தெரிந்துகொண்ட பெண்களின் தகவலை வைத்து, கடும் வாந்திக்காரர்களையும் வாந்தி வராதவர்களையும் ஒப்பிட்டார். 2018இல் ஒரு மரபணு மேலே வந்தது. 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓராஹிலி குழுவோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியபோது விஷயம் கிட்டத்தட்டத் தெளிவாகிவிட்டது.

அந்த மரபணு உண்டாக்குவது ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹார்மோன். எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. கர்ப்பத்தில் சிசுவும் நஞ்சுக்கொடியும் அதை ஏராளமாகச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அது மூளையின் அடித்தண்டில் போய்த் தட்டுகிறது, குமட்டுகிறது. முன்பிருந்தே அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்குத் திடீர் வெள்ளம் தாங்குவதில்லை. பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு அது எப்போதுமே அதிகம். அவர்களுக்கு மசக்கை வாந்தி அபூர்வம். அப்படியானால் முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றிப் பழக்கிவிடலாமா என்று இப்போது யோசிக்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் என் தங்கை மகள் நித்யா போன வருஷம் வாயும் வயிறுமாக இருந்தபோது இதையெல்லாம் போனில் எடுத்து மாமியாரிடம் காட்டினாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க பக்கம் யாருக்கும் இந்த ஜிடி வியாதி கிடையாதும்மா" என்றார். சுரப்பது சிசுவும் நஞ்சும்தான் அத்தை, அதில் பாதி உங்கள் பிள்ளை போட்ட பங்கு என்று நித்யா விளக்கியதும் பேச்சு சட்டென்று முருங்கைக்காய் விலைக்குப் போய்விட்டது.

சத்து மாத்திரைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு நர்ஸம்மா மாசாமாசம் வந்து இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அதைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது முதல் ஆட்சேபணை. பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்பது இரண்டாவது. நர்ஸம்மா தெருமுனை திரும்பியதும் மாமியார் அந்தப் பொட்டலத்தைக் கொல்லையில் செம்பருத்திச் செடியின் அடியில் ஒரு குச்சியால் குழி தோண்டிப் புதைப்பார். பறித்துப் பறித்து அலுத்துப்போகும் அளவுக்குப் பூத்தது அந்தச் செடி. வீட்டில் ரத்தசோகை இல்லாத ஒரே ஜீவன்.

அந்த மாத்திரையில் பாதியின் பூர்வீகம் நம் பக்கம்தான் என்பது மாமியாருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928இல் பம்பாய் வந்தார். அங்கே மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகள் ஒருவகைக் கொடும் ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டையே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றைக்கும் ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு சாகக் கிடந்த ஒரு குரங்கை எழுப்பி உட்காரவைத்தது, பிறகு பெண்களையும். உள்ளே இருக்கும் சரக்கு என்னவென்று அவருக்கே தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941இல், பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோதுதான் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய சோதனை இன்னொரு படி போனது. முன்பு தண்டுவடக் குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார், மறுபடி கருத்தரிக்கும் முன்பிருந்தே இதைச் சாப்பிட்டால் அந்தக் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது. இதில் சூட்சுமம் அந்த 'முன்பிருந்தே'யில்தான். சிசுவின் நரம்புக்குழாய் கரு உருவாகி நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கண்ணேறுக்குப் பயந்து நாங்கள் காத்த ரகசியம் நர்ஸம்மாவுக்குத் தெரிவதற்குள், மாத்திரை செய்ய வேண்டிய வேலையில் முக்கியமானதற்கு நேரம் போயே போயிருக்கும். நித்யாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சாகும்போதே ஃபோலிக் அமிலம் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் உண்டானது என்னவோ ஐந்து வருஷம் கழித்து.

அந்த ஐந்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் என் நாத்தனார். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று கேலியாகச் சொல்வோமே, அவர் நிஜமாகவே சுற்றினார், ஒரு தை முழுக்க. யார் யாரோ சொன்ன கஷாயம், வேர், லேகியம் எல்லாம் அவர் வயிற்றுக்குள்தான் போயின. அவருடைய வீட்டுக்காரருக்கு ஒரு பரிசோதனை வேண்டுமோ என்ற எண்ணம் டாக்டர் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் வாங்கிய நெய்யை மட்டும், புருஷன் பெண்சாதி இருவரும் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆக எங்கள் வட்டாரத்தில், பிள்ளை விஷயத்தில் ஆணுக்கும் ஒரு பங்கு உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டது கோயில்தான்.

நித்யாவுக்குப் பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறு. அவளுக்கு எழுதிய முதல் மாத்திரை லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, கருமுட்டை வெடிக்கவும் உதவுகிறது. இதைக் கருத்தரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011இல் நம் அரசு தடை போட்டது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது: பழைய மருந்தான குளோமிஃபீனில் நூற்றுக்கு 19 பேர் பிள்ளை பெற்றார்கள், லெட்ரோசோலில் 27க்கும் மேல். 2017இல் தடையை எடுத்தார்கள். இடையில் வயது ஏறியவர்கள் ஏறியவர்கள்தான்.

மாத்திரையில் ஆகாமல் குழாய்க் குழந்தை மையத்துக்குப் போனபோது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஹோட்டல் மெனு கெட்டது. அதில் ஒரு வரி, கருப்பை உள்சவ்வுச் சுரண்டல். மெல்லிய குழாயை விட்டு உள்சவ்வை லேசாகக் கீறிவிட்டால், அது ஆறும்போது கரு நன்றாக ஒட்டுமாம். தொடக்கத்தில் வந்த சிறு ஆய்வுகள் ஆஹா ஓஹோ என்றன. பிறகு நியூசிலாந்துக்காரர்கள் தலைமையில் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சுரண்டி, பாதிப் பேருக்குச் சுரண்டாமல் விட்டுப் பார்த்தார்கள். 2019இல் முடிவு. சுரண்டியவர்களில் பிள்ளை பெற்றவர்கள் 26.1 சதவீதம். சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம். புள்ளிக்குப் பின்னாலும் மாற்றமில்லை. எனக்கு இதைவிட அழகான ஆராய்ச்சி முடிவு தெரியாது. இதைப் போல யாரும் கண்டுகொள்ளாத முடிவும் தெரியாது. வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவருக்குப் பட்டம் உண்டு, இது வீண் வேலை என்று கண்டுபிடித்தவருக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்? நித்யா அந்த ஆய்வைச் சொன்னபோது, "அது வெளிநாட்டு யூட்ரஸ் மேடம், நம்ம லேடீஸுக்கு நல்லா ஒர்க் ஆகுது" என்றார் கவுன்சிலிங் கொடுத்த பெண். பெரியம்மாவான எனக்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மனசுதாம்மா என்றதும் இதே நிச்சயத்தில்தான். அரசமரமாவது காசு கேட்கவில்லை.

கருவை உள்ளே வைத்த அன்றைக்கு டாக்டர் நல்லவிதமாக, எழுந்து நடந்து போம்மா, படுத்துக் கிடப்பதால் லாபமில்லை என்றார். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. என் தங்கை கேட்கவில்லை. கரு என்ன கோழிமுட்டையா, நடந்தால் உருண்டு விழுவதற்கு என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வராது. எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கு ஒன்பதாம் மாதம் கால் வீங்கி, முகம் ஊதிக் கிடந்தது. நீர் கோத்திருக்கு, நல்லதுதான் என்றார்கள். ராத்திரி தலைவலி என்றாள். விடியுமுன் ஜன்னி கண்டது. பல்லுக்கு நடுவே அகப்பைக் காம்பை வைத்து, வேப்பிலை அடித்து, மந்திரித்து, பிறகுதான் வண்டி கட்டினார்கள். இரண்டு உயிரும் திரும்பவில்லை. மக்னீசியம் சல்பேட் அன்றைக்கும் உலகத்தில் இருந்தது. ஒரு மலிவான உப்பு. அதை முன்னாலேயே கொடுத்தால் ஜன்னி வரும் ஆபத்து பாதிக்கும் கீழே போகிறது என்று 33 நாடுகளில், ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களிடம் பார்த்து உறுதிசெய்தது 2002இல். 2017இல் இன்னொன்று வந்தது. ஆபத்து உள்ள பெண்களை மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடித்து, ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தால், மாதம் நிறையுமுன் வந்து இந்த ஜன்னியில் கொண்டுபோய்விடக்கூடிய ரத்த அழுத்தக் கோளாறு 62 சதவீதம் குறைகிறது.

நித்யாவுக்கும் எழுதியிருந்தார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அவள் அப்பாவுக்கும் அதே ஆஸ்பிரின்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் மகளும் ஒரே அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுக்கொள்வார்கள். அட்டை தீர்ந்தால் யார் வாங்கி வருவது என்று தகராறு.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் நூற்றுக்கு 45. தனியாரில் மட்டும் எடுத்தால் 64. வண்டி கட்ட நேரமானதால் செத்த காலத்திலிருந்து, வலி வரும்வரை காத்திருக்க யாருக்கும் நேரமில்லாத காலத்துக்கு வந்துவிட்டோம். இரண்டில் ஒன்றை எடு என்றால் எதிர்வீட்டுப் பெண்ணை நினைத்து நான் இதைத்தான் எடுப்பேன், முனகிக்கொண்டே.

பப்பாளியைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. அதையும் ஆராய்ந்தாயிற்று, 2002இல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில். கர்ப்பமான எலிகளுக்குப் பழுத்த பப்பாளிச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றும் ஆகவில்லை. காயின் பால் மட்டும் எலியின் கருப்பையைச் சுருக்கி இழுத்தது. ஆக, காய்க்குத் தடை நியாயம், நன்றாகப் பழுத்ததற்கு அவ்வளவு இல்லை. மசக்கை அடங்கி நாக்குக்கு ருசி திரும்பிய ஐந்தாம் மாதம், நித்யாவுக்குப் பப்பாளி மேல் ஆசை வந்தது. நானும் அவளும் தெருமுனை வண்டிக்குப் போனோம். பழக்காரம்மா அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த பழத்தைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

"பழுத்ததுதானேம்மா. எலிக்கெல்லாம் குடுத்துப் பார்த்திருக்காங்க, ஒண்ணும் ஆகல" என்றாள் நித்யா.

"எலிக்குன்னா சொல்லு, நானே அறுத்துத் தரேன். உனக்குக் கிடையாது" என்று பழக்காரம்மா அரைக் கிலோ கொய்யாவை நிறுத்துப் பையில் போட்டார். அறுபது ரூபாய். பேரம் பேச விடவில்லை.