கணக்கு வேற, சில்லறை வேற

வட்டார வள மையத்துப் பயிற்சியில் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஒரு மணி நேரம் ஆபத்தானது. சாம்பார் சாதம் உள்ளே வேலையை ஆரம்பித்திருக்கும். மேலே மின்விசிறி தாலாட்டும். அந்த நேரம் பார்த்துக் கருத்தாளர் மேடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்க சொந்தக் கல்வித் தத்துவத்தை அரைப்பக்கம் எழுதுங்க" என்றார்.

நாற்பது பேர் இருந்தோம். இரண்டு நிமிடம் நிசப்தம். மூன்றாவது நிமிடம் நாற்பது கழுத்தும் பக்கத்துத் தாளை நோக்கிச் சாய்ந்தன. பரீட்சையில் பார்த்து எழுதியவனை வெளியே நிற்க வைத்த கூட்டம் இது. என் இடப்பக்கத்து டீச்சர் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார். ஆனாலும் விரலிடுக்கில் 'குழந்தை மையக் கற்றல்' என்று தெரிந்தது. வலப்பக்கத்துச் சாரும் அதே. முன்வரிசையிலும் அதே. அதைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷச் சர்வீஸில் சொந்தமாக ஒரு தத்துவம் கூடவா தேறாது?

2005இல் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டடி நீளம், மூங்கில். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. பிரம்பைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொன்னார்கள். அட்டைகள், கற்றல் ஏணி, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பிள்ளைகள் சுலபமாக ஏணி ஏறினார்கள். எனக்குத்தான் பாயை விட்டு எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அடிப்பதைச் சட்டப்படியே தடுத்தது. தேதியைப் பார்த்துவிட்டு என் நண்பர் ஒருவர் ஒரு வாரம் நம்பவில்லை. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் ஆனார்கள். அரும்பில் இருந்த ஒருவனின் அம்மா கவலையோடு வந்து, "எப்ப சார் மொட்டு விடுவான்?" என்று கேட்டார்.

பூவாவது பரவாயில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களை அன்னம், பசு என்று மரியாதையாக ஆரம்பித்து, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று இறக்கிவிடுவார். ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்தபோது ரொம்ப ரசித்தேன். எங்கள் வகுப்பில் யார் யார் எருமை என்று மனசுக்குள் பட்டியல்கூடப் போட்டேன். அதற்கு முந்தைய பக்கத்தை ஏனோ புரட்டவில்லை. அங்கே வாத்தியார்களைப் பிடித்திருக்கிறார் மனுஷர். ஆசிரியராக இருக்கத் தகாதவர்கள் நாலு வகையாம். போட்ட வரிசையில் வெளியே வராத கழற்காய்க் குடம், யாரும் கிட்டே போக முடியாத மடல் பனை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டிய பஞ்சடைத்த குடுவை. நாலாவது, கோணல் தென்னை. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருத்தன், காய் விழுவது அடுத்தவன் வீட்டில்.

அந்தத் தென்னை நான்தான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி; ஐந்து வகுப்பு, இரண்டு அறை. மூன்றாம் வகுப்புக்கு நான் தொண்டை கிழிய வகுத்தல் நடத்துவேன். மூன்றாம் வகுப்பு விட்டத்துப் பல்லியைப் பார்க்கும். அடுத்த பாயில் காக்கா வரைந்துகொண்டிருக்கும் ஒன்றாம் வகுப்புக் குட்டி தலையை நிமிர்த்தாமல் விடை சொல்லும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டை நீட்டினான். 52இல் 17 போனால் 45 என்று போட்டிருந்தான். பென்சிலை அழுத்தி எழுதி, கீழே இரட்டைக் கோடு வேறு. முழுத் தன்னம்பிக்கை. வழக்கமாகப் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். அன்று சிவப்புப் பேனாவில் மை தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல், "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டுல ஏழு போகாது சார். அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன். அஞ்சு. அப்புறம் அஞ்சுல ஒண்ணு போனா நாலு."

"யாருடா அப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சார். பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு ஒண்ணாப்புல சொன்னீங்க."

சொன்னேன். அதுவும் பலமுறை, கரும்பலகையைத் தட்டித் தட்டி. நான் நடத்தியதை வார்த்தை பிசகாமல் கற்றுக்கொண்ட ஒரே பிள்ளை அவன்தான் போலிருக்கிறது. சமாளித்துக்கொண்டு, "பக்கத்துல இருக்கிற அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கணும்டா" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. அவன் ஆயா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். 'இன்று ரொக்கம் நாளை கடன்' பலகைக்குக் கீழேதான் அவன் வளர்ந்ததே.

சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் அவன். சோப்பும் தீப்பெட்டியும் சேர்த்து 17 ரூபாய். ஐம்பது ரூபாய் நோட்டோடு இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றையும் வைத்தேன். வேண்டுமென்றுதான். அவன் விரலை மடக்கவில்லை, மேலே பார்க்கவில்லை. முதலில் மூன்று பத்து ரூபாய்த் தாளை எண்ணி வைத்தான். அதன்மேல் ஓர் ஐந்து ரூபாய்க் காசு. முப்பத்தைந்து.

"காலைல இதே கணக்குக்கு நாற்பத்தஞ்சு போட்டியேடா!"

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். "அது கணக்கு சார். இது சில்லறை."

அந்த வெள்ளைத்தாளில் இதைத்தான் எழுதினேன். பிள்ளை தப்பாகப் போட்டால் எப்படி வந்தது என்று கேட்பேன், கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பேன், இரண்டாவதுதான் கஷ்டம் என்று. மூன்று வரிதான் வந்தது. சிவப்புப் பேனாவின் பங்கை எழுதவில்லை. அது அலுவலக ரகசியம்.

மேடம் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா 'குழந்தை மையக் கற்றல்'னு எங்கேயும் வரலையே?"

மேலே சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இடப்பக்கத்து டீச்சரைப் பார்த்துத்தான்.