வெட்டாத கத்தி

விக்கா என்கிற சூனியக்காரர் மதத்தைக் கற்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கடைப் பக்கம் போகாமல் இருப்பது. இதை நான் கடைக்குள் நின்றுகொண்டுதான் சொல்கிறேன். தெற்கு இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் இருக்கிற பர்லி கிராமம். சவுத்தாம்ப்டனில் மகன் வீட்டுக்கு வந்து, காலை நடை, மாலை நடை, நடுவே பாத்திரம் கழுவும் மெஷினை நிரப்புவது என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் அவன் ஒரு சனிக்கிழமை காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் நடுவே மட்டக்குதிரைகள் தம் பாட்டுக்குத் திரிகின்றன. கார்கள்தான் ஒதுங்கிப் போகின்றன. 1950களில் சிபில் லீக் என்ற அம்மையார் ‘நான் சூனியக்காரி’ என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு, தோளில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்க இந்தத் தெருவில் நடந்து போவாராம். பிறகு அமெரிக்கா போய்விட்டார். பர்லியோ இன்றைக்கும் அவர் பெயரால் காசு பார்க்கிறது.

கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தி இருந்தது. கறுப்புப் பிடி, இருபுறமும் கூர், ஒரு சாண் நீளம். அத்தாமே என்று பெயர். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “இதுல எலுமிச்சம்பழம் நறுக்கலாமான்னு கேளுடா” என்றாள். மகன் கேட்டான். மூக்கில் வளையம் போட்ட கடைப் பெண் பொறுமையாக விளக்கினாள். இது எதையும் வெட்டுவதற்கு இல்லை. சடங்குக்கு முன் வட்டம் போடும்போது சக்தியைச் செலுத்த மட்டும்தான். மூலிகை, நூல் வெட்ட வேண்டுமானால் வெள்ளைப் பிடி போட்ட வேறு கத்தி உண்டு, பக்கத்து அலமாரியில்.

“வெட்டுற கத்தி எவ்வளவாம்?”

விலை பாதிக்கும் கீழே.

“வெட்டாததுக்கு விலை ஜாஸ்தி, வெட்டுறதுக்குக் கம்மி. நல்ல ஊருங்க இது” என்றாள் என்னிடம்.

கத்தியோடு முடிகிற விஷயமும் இல்லை. கிண்ணம், கோல், ஐந்து முனை நட்சத்திரம் செதுக்கிய தட்டு, கொப்பரை, தூபக்கால், கலர் கலராய் மெழுகுவத்தி என்று முழு செட்டையும் பெட்டியில் போட்டு, தொடக்க நிலையினருக்கானது என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் ஒரு பழைய புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1988-ல் எழுதியது. குழு, குரு எதுவும் இல்லாமல் தனியாகவே பயிலலாம் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானவர்களை இந்தப் பக்கம் இழுத்துவந்த கையேடு.

ஆனால் கன்னிங்ஹாமுக்கு முன்னால் படிக்க வேண்டிய ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. ஜெரால்ட் கார்ட்னர், 1884-ல் லிவர்பூல் பக்கம் பிறந்தவர். 1900-ல், மீசை அரும்பும் வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். அங்கே கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். பிறகு போர்னியோ, மலாயா, ரப்பர் தோட்டம், சுங்க இலாகா. மனிதருக்குக் கத்தி என்றால் உயிர். மலாய் நாட்டுக் கிரிஸ் கத்திகளைப் பற்றி 1936-ல் ஒரு புத்தகமே போட்டார். அதே ஆண்டு ஓய்வும் பெற்றார். இப்படிப்பட்டவர் கை வைத்த மதத்தில் நடுநாயகமாக ஒரு கத்தி இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஓய்வு பெற்ற அதிகாரிகளை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அந்த ஜாதிதான். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆவோம், மிஞ்சிப்போனால் ஹோமியோபதி படிப்போம். கார்ட்னர் ஒரு மதத்தையே கொண்டுவந்து நிறுத்தினார். தான் தொடங்கவில்லை என்பது அவர் கட்சி. 1939-ல் நியூ ஃபாரஸ்டில் ஒரு பழைய சூனியக்காரர் குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாகவும், தான் அதை ஊருக்குச் சொன்னதோடு சரி என்றும் சாதித்தார். ஹிட்லரின் படை கடல் தாண்டாமலிருக்க 1940-ல் இதே காட்டில் அவர்கள் கூடி மந்திரம் போட்டார்களாம். படை வரவில்லை. பிரிட்டிஷ் விமானப் படையும் அந்தப் பெருமைக்கு உரிமை கோருவதால் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

மாந்திரீகம் தெரிந்ததாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் போனபின், 1954-ல் கார்ட்னரின் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ புத்தகம் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மரே. ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தினர் என்று 1921-ல் எழுதிய எகிப்தியல் அறிஞர். அந்தக் கொள்கையை வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால் நிராகரித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த பாத்திரம் டோரீன் வேலியன்டே. 1953-ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றவர். பரம்பரை பரம்பரையாக வந்தது என்று கார்ட்னர் காட்டிய சடங்கு ஏட்டைப் புரட்டியதுமே, இதில் பாதி மாந்திரீகர் அலிஸ்டர் குரௌலி எழுதியதாயிற்றே என்று கண்டுபிடித்துக் கேட்டும்விட்டார். முடிந்தால் நீயே நன்றாக எழுது என்ற பாணியில் பதில் வந்தது. எழுதினார். இன்று விக்காவினர் உருகிச் சொல்லும் தேவியின் வாக்கு, அந்த அம்மாளின் பேனாவில் உருப்பெற்றதுதான்.

கதை அதோடு நிற்கவில்லை. கார்ட்னர் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் விடமாட்டார். இதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று 1957-ல் வேலியன்டே தரப்பினர் விதிகள் எழுதிக் கொடுத்தார்கள். விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று கார்ட்னர் ஒரு பழங்கால ஆங்கிலப் பட்டியலை நீட்டினார். தலைமைப் பூசாரிணிக்கு வயது ஏறினால் இளையவள் ஒருத்திக்கு மனமுவந்து இடம் விட வேண்டும் என்று அதில் ஒரு விதி. அப்போது தலைமைப் பூசாரிணியாக இருந்த வேலியன்டேவுக்கு முப்பத்தைந்து, கார்ட்னருக்கு எழுபத்து மூன்று. பூசாரிக்கு வயதாவதைப் பற்றி அந்தப் பழங்கால முனிவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேலியன்டே கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார். மதத்தை விடவில்லை, ஆளைத்தான் விட்டார்.

இதை மனைவிக்குப் படித்துக் காட்டியபோது அவள் முழு விக்கா கட்சிக்காரி ஆகிவிட்டாள். ஒரே ஒரு தடை இருந்தது. கார்ட்னர் நிர்வாணச் சங்க உறுப்பினர், அவர் வழிச் சடங்குகளும் அப்படியே. “இந்தக் குளிர்லயா?” என்றாள். தனியாகச் செய்கிறவர்கள் அங்கி போட்டுக்கொள்ளலாம் என்று கன்னிங்ஹாமைக் காட்டினேன். மஃப்ளருக்கும் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

“பில்லி சூனியம் ஏதாவது உண்டா?” என்பது அடுத்த கேள்வி. அப்படி நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சாத்தான் கிறிஸ்தவர்களின் சமாச்சாரம், விக்காவில் அவனுக்கு இடமில்லை. ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன், இயற்கை. யாருக்கும் தீங்கில்லாதவரை உன் விருப்பப்படி செய் என்பதே தலையாய நெறி. நீ அனுப்புவது மூன்று மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தச் சிட் பண்டும் தராத வட்டி. எதை அனுப்புகிறோம் என்று நிதானிப்பது நல்லது.

பயிற்சி என்று நான் எடுத்துக்கொண்டது ஒரு நோட்டும் நிலாவும். ஒவ்வொரு முழு நிலாவுக்கும் ஒரு வழிபாடு, ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்பது அவர்கள் கணக்கு. இரவில் மொட்டை மரங்களுக்கு மேலே பார்த்து, நிலவு எப்படி இருந்தது, எந்தச் செடி துளிர்த்தது என்று எழுத வேண்டும். என் நோட்டில் பெரும்பாலும் ‘மேகம்’ என்றிருக்கிறது. அதுவும் இங்கிலாந்தின் இயற்கையே. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால், அங்குள்ள பலர் எட்டுத் திருநாளையும் ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கு மடாதிபதி கிடையாது.

இது நானூறு தலைமுறை மதமல்ல, என் அண்ணன் வயதுதான் ஆகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல் ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்’ எழுதி அதை விரிவாகக் காட்டினார். விக்காவினரில் பலர் அவரை வாங்கிப் படித்தார்கள், ஏற்கவும் செய்தார்கள், நிலாவைப் பார்ப்பதையும் விடவில்லை. இந்தப் பெருந்தன்மைக்காகவே அவர்கள்மீது எனக்கு மரியாதை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து தேறியது சுமார் 13,000 விக்காவினர். அமெரிக்க அரசு, இறந்த விக்கா படைவீரர்களின் கல்லறையில் ஐந்து முனை நட்சத்திரம் பொறிக்க 2007-ல் அனுமதித்தது.

ஆகவே, தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் ஹட்டனையும், அடுத்து வேலியன்டேயையும், கடைசியாகக் கன்னிங்ஹாமையும் படியுங்கள். நூலகத்தில் கிடைத்தால் செலவுமில்லை. குழுவில் சேர்வதானால் ஓராண்டும் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்வது பழைய வழக்கம். அந்த அவகாசத்தில் அவர்களை நீங்களும் நன்றாகப் பாருங்கள். கார்ட்னர் வழியில் தீட்சைக்குக் காசு வாங்குவது வழக்கமில்லை. யாராவது கட்டணம் கேட்டாலோ, கூச்சமாக இருக்கிறது என்ற பிறகும் துணியைக் கழற்றச் சொன்னாலோ, பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.