சிறுவாடும் செயற்கைக்கோளும்: சேலம், நாமக்கல் சமவெளி அன்னையரின் ஒளிப்புக் கலை குறித்த ஓர் ஆய்வு

ஒரு பெட்டியை எங்கேனும் ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட, முன்பின் அறியாத ஒருவர் செயற்கைக்கோள் துணையுடன் தேடி வந்து அதைக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிச் செல்லும் விளையாட்டு ஜியோகேச்சிங் எனப்படும். அமெரிக்க அரசு ஜிபிஎஸ் குறிகைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2 அன்று நிறுத்தியதையும், மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்ததையும் இதன் தோற்றமாகக் கொள்வர். அவ்வாளியினுள் புத்தகம், உண்டிவில் முதலியவற்றோடு ஒரு டப்பா அவரையும் இருந்தது. பருப்பு டப்பா என்பது பொருளை ஒளித்துவைக்கும் கலம் என்றறியாமல், அதையே ஒளிக்கத்தக்க பொருளாக மயங்கிய இந்த ஒரு பிழையே, உல்மர் கொங்கு நாட்டு அடுக்களை எதையும் பார்த்ததில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கலை சிறுவாடு என்னும் பெயரில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பால் ஊற்றிய காசு, நாட்டுக்கோழி முட்டை விற்ற காசு, மளிகைக் கணக்கில் மிச்சம் பிடித்தது ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் பிறர் அறியாமல் சேர்த்துவைப்பது சிறுவாடு ஆகும். எட்டாக மடித்து, பாலித்தீன் உறையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கடுகுக்குள் புதைக்கப்பட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள், வெளியே வரும்போது பெருங்காய வாசனையோடு வருவதால், அதன் இருப்பிடத்தை மூக்கால் ஊகிக்க இயலும் என்பது மளிகைக் கடைக்காரர்கள் மட்டுமே அறிந்த நுட்பம்.

ஜியோகேச்சிங்கில் தேடலின் கடுமை 1 முதல் 5 வரை அளவிடப்படுகிறது. இவ்வளவையின்படி சாமி படத்தின் பின்புறம் 1 என்றும், அரிசி அண்டாவின் அடி 3 என்றும், கல்யாணப் பட்டுப்புடவையின் உள்மடிப்பு 5 என்றும் கொள்ளலாம். ஆட்டம் அறியாத வழிப்போக்கரை மகிள் என்று ஆர்வலர்கள் ஹாரி பாட்டர் கதையிலிருந்து பெயர் பெற்று அழைப்பர். அவர் கண்ணில் படாமல் காரியத்தை முடிப்பது தலையாய விதி. சிறுவாட்டில் இவ்விடத்தை வகிப்பவர் குடும்பத் தலைவர்.

இடஞ்சுட்டும் திறனிலும் அன்னையரே மேம்பட்டவர். ஜிபிஎஸ் கருவிக்குச் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் நான்கேனும் தேவை. அப்போதும் சில மீட்டர் பிசகும், காங்கிரீட் கூரையின் கீழ் இன்னும் திணறும். "மேல் பலகையில மூணாவது டப்பாவுக்குப் பின்னால பாரு கண்ணு" என்று அடுப்படியிலிருந்து வரும் குரலோ எந்தக் கூரையின் கீழும் பிசகுவதில்லை. அங்கே இல்லையென்று அடித்துச் சொல்லும் பிள்ளையின் கண்ணெதிரிலேயே அப்பொருளை அன்னை வந்து எடுத்துக்கொடுக்கும் நிகழ்வை இயற்பியல் இதுவரை விளக்கவில்லை.

இத்துறை கண்ட பேரிடர் 2016 நவம்பர் 8 இரவு நேர்ந்தது. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், குதிரிலும் தலையணை உறையிலும் பரணிலும் பல்லாண்டு காத்த கலங்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் தாமாக வெளிப்பட நேர்ந்தது. எவரும் தேடாமலே எல்லாம் கிடைத்துவிட்ட இப்படியொரு நிலையை உலக ஜியோகேச்சிங் கண்டதில்லை. இல்லத்தரசிகள் வங்கியில் செலுத்தும் இரண்டரை இலட்சம் வரையிலான சிறுசேமிப்பைத் துருவிக் கேட்கமாட்டோம் என்று அரசு அறிவித்தது. கணவர்மார் அவ்வாறு எதையும் அறிவிக்கவில்லை.

அதன்பின் கலம் மாறியதா, இடம் மாறியதா என்பதில் தெளிவு பிறக்காமைக்குக் காரணம், தகவல் தரவேண்டியவர்கள் தகவல் தராமையே. குடும்பத் தலைவர் உண்மையிலேயே மகிள்தானா என்பதிலும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவருக்கு எதுவும் தெரியாது என்பது ஒரு சாரார் கொள்கை. ஆடி மாதத்தில் உர மூட்டை வாங்கப் பணம் போதாதபோது, அவர் பேச்சைத் தொடங்காமல் அடுக்களை வாசலில் வந்து நின்று, மேல் பலகையைப் பாராமல் கவனமாகத் தரையையே பார்ப்பதை எடுத்துக்காட்டி மற்றொரு சாரார் இதை மறுப்பர்.