கஷ்டமில்லாத பால்யத்தின் கஷ்டம்

உருப்படாமல் போனதற்கு எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கும். என்னிடம் அதுவும் இல்லை. அப்பா ஒழுங்காக ஃபீஸ் கட்டினார், அம்மா பாதாம் ஊறவைத்துத் தந்தாள், டியூஷன் வேறு. அப்படியும் எகனாமிக்ஸில் பார்டர் பாஸ். பரீட்சையில் இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டுவிட்டு, எது டிமாண்ட், எது சப்ளை என்பதைப் பேப்பர் திருத்துபவரின் மனசாட்சிக்கே விட்டேன்.

இந்த லட்சணத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பொருளாதார நிபுணர் தாமஸ் சோவலின் கதையைப் படித்திருக்கக் கூடாது.

1930-இல் வட கரோலினாவில் அவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். வீட்டுவேலை செய்துவந்த அம்மாவுக்கு ஏற்கெனவே நான்கு பிள்ளைகள். பாட்டி முறை உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்தார். வீட்டில் கரண்ட் கிடையாது. வெள்ளைக்காரர்களை அதிகம் பார்த்திராததால், தலைமுடி மஞ்சளாகவும் இருக்கும் என்பதே தெரியாதாம். (எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன்?)

பிறகு நியூயார்க்கின் ஹார்லெம். பெயர்பெற்ற பள்ளியில் இடம் கிடைத்தும், குடும்பச் சிக்கலில் படிப்பு பாதியில் நின்றது. தந்தி டெலிவரி, மரைன் படையில் போட்டோகிராபர், நைட் கிளாஸ் என்று சுற்றி, 1958-இல் ஹார்வர்ட் பட்டம், 1968-இல் சிகாகோவில் டாக்டர் பட்டம். எங்கேயாவது சறுக்கியிருப்பார் என்று ஆவலோடு தேடினேன். 1948-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீம் செலக்‌ஷனில் தேறவில்லை. அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

1960 கோடையில் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் வேலை. சுதந்திரச் சந்தையின் பெரிய வக்கீலான மில்டன் ஃப்ரீட்மனிடம் பாடம் கேட்டும் கலையாத மார்க்சியர் அப்போது. போர்ட்டோ ரிகோவின் சர்க்கரைத் தொழிலில் குறைந்தபட்சக் கூலி ஏறியது, வேலைகள் குறைந்தன. கூலி ஏறியதுதான் காரணம் என்றது ஒரு கட்சி. இல்லை, புயலில் கரும்பு போனதுதான் என்றது இன்னொன்று. சோவல் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டார்: புயலுக்கு முன்னால் வயலில் நின்ற கரும்பு எவ்வளவு? அந்தக் கணக்கை எடுத்தால் தெரிந்துவிடுமே!

கைதட்டுவார்கள் என்று பார்த்தால், எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. அந்தக் கூலிச் சட்டத்தை அமல்படுத்துவதற்காகத்தான் துறைக்குக் கணிசமான பட்ஜெட் வந்துகொண்டிருந்தது. அவருடைய மார்க்சியம் ஆட்டம் கண்டது அங்கேதான்.

இதை மனைவியிடம் ரசித்துச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் இருபதாம் தேதிக்குள் சம்பளம் காலியாகிவிடும். விலைவாசிதான் காரணம் என்பது என் தியரி. நான்தான் காரணம் என்பது அவளுடையது.

"அவ்வளவுதானே? உங்க ஜிபே ஹிஸ்டரியை எடுங்க, பாத்துடலாம்."

போனில் சார்ஜ் இல்லை என்றேன்.