இரு விமானங்களுக்கு நடுவே ஒரு முஸாபிர்

லண்டன்.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். குளிர் மட்டும் தன் கடமையைக் குறைவின்றிச் செய்துவருகிறது.

பென்ஷன் எடுத்த கையோடு லண்டனுக்கு ஒரு நடை வந்துபோகத் தீர்மானித்திருப்பதாகவும், கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு முழுவதும் வேனில் குலுங்கிய பிறகு ஒரே மூச்சில் லண்டன் வரை முழங்காலை மடக்கிக்கொண்டிருக்க ராத்தாவின் கால்கள் சம்மதிக்கமாட்டா என்பதால் நடுவழியில் ஐரோப்பாவின் ஏதாவதொரு பட்டணத்தில் இறங்கி இளைப்பாறிப் பார்க்கவேண்டியதையும் பார்த்துவிட்டு வர எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உத்தமமான எண்ணம். ஐரோப்பாக் கண்டத்தில் பட்டணங்களுக்குப் பஞ்சமில்லை; பஞ்சமெல்லாம் நம்முடைய கடவுச்சீட்டின் மரியாதைக்குத்தான். ஷெங்கன் நாட்டார் 2009ஆம் ஆண்டில் இயற்றிய வீசாச் சட்டத்தின் பின்னிணைப்பொன்றில், ஊருக்குள் கால் வைக்காமல், விமானம் மாறுவதற்காக விமான நிலையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கே வீசா எடுத்துவர வேண்டிய 12 தேசத்தாரின் பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கௌரவப் பட்டியலில் ஆப்கானிஸ்தான், சோமாலியா முதலிய தேசங்களோடு நமது இலங்கைத் திருநாடும் வீற்றிருக்கிறது. விலக்குகள் சில உண்டு. அவற்றை வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு சட்டத்தரணி வேண்டும். பிராங்க்பர்ட் நிலையத்து அத்தர்க் கடைகளுக்கு இடையே நுழைந்து நாம் ஊருக்குள் மறைந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள் போலும். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று, நம்மூர் இளைஞர்களை அறிந்த நான், சத்தியம் செய்யத் தயாரில்லை.

பிரயாணிக்கு மார்க்கம் எத்தனை சலுகை தந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! நாலு ரக்அத்தை இரண்டாக்கி, லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ இடம்கொடுத்து, நோன்பைக்கூடப் பின்னால் பிடிக்க அனுமதித்திருக்கிறது. விமான நிலையமோ முஸாபிரைக் கண்டதும் பாதணியைக் கழற்று, இடுப்புப்பட்டியை அவிழ், தண்ணீர்ப் போத்தலை எறி என்று கடமைகளை அதிகரிக்கிறது.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான்: இஸ்தான்புல் வழியாக வாருங்கள். அதற்கும் வீசா வேண்டும். புறப்படுமுன் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் திறந்த புதிய விமான நிலையம் கருங்கடலோரத்தில், ஐரோப்பியப் பாகத்தில் இருக்கிறது. எனவே ஐரோப்பாவில் இறங்கியதாக ஊரில் நீங்கள் சொல்லிக்கொள்வதை எவரும் மறுக்கமுடியாது. பழைய நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போகவும் வரவும் வாகன நெரிசலுக்கென்று தாராளமாய் ஒதுக்கி, திரும்பும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் நிற்கவேண்டும் என்று கணக்கிட்டால், ஏழெட்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் வெளியே போவது வீண் பதற்றம். துருக்கி ஏர்லைன்ஸ்காரர் தம் பிரயாணிகளில் 6 முதல் 24 மணி நேரம் வரை காத்திருப்போரைச் சாப்பாடும் போட்டு இலவசமாகவே ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லையாயினும், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ராத்தாவை ஓடவைக்க நான் விரும்பவில்லை. ஒரு பகலில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்பவன் படிக்கட்டுகளையும் முன்னால் போனவனின் முதுகையும்தான் பார்த்திருப்பான்.

சுலைமானியாப் பள்ளிக்கு மட்டும் போங்கள். 1550இல் தொடங்கி 1557இல் ஸினான் என்ற சிற்பி முடித்த கட்டடம், மேட்டில் நிற்கிறது. அங்கே ஊர்வாசியான இமாமைப் பின்தொடர்ந்தால் சுருக்கித் தொழும் கஸ்ர் கிடையாது, நாலும் தொழவேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

அங்கிருந்து இறங்கும் வழியில், பெரிய பசாரில், குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பிகள் அடுக்கடுக்காய்த் தொங்கும். வெள்ளைக்கார உல்லாசப் பிரயாணிகள் அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்துச் சிரிப்பார்கள். நான் அங்கே போயிருந்தபோது அதைக் கண்டதும் எனக்கு அட்வகேட் எம். சி. அப்துல் காதரின் ஞாபகம் வந்தது. இந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றக்கூடாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் தடுக்க, 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளியில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் திரண்டு கண்டனம் தெரிவித்து, பிறகு அந்த உரிமையை வென்றெடுத்த வரலாறு நீங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதுதானே! நாம் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தத் தொப்பியை, இருபது வருஷம் கழித்து, 1925 நவம்பரில், அதாதுர்க்கின் அரசாங்கம் துருக்கியிலேயே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. துருக்கியர் கைவிட்ட பின்னும் நம்மூர்ப் பெரியவர்கள் அதைக் கலியாண வீடுகளில் விடாமல் அணிந்தார்கள் என்றால், விசுவாசம் யாரிடம் அதிகம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பிறகு கலாட்டாப் பாலம். இங்கேதான் நேரத்தைக் கஞ்சத்தனமில்லாமல் செலவழிக்கவேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆண்கள் தூண்டில் போடுகிறார்கள். கீழ்த்தட்டில் உணவுச்சாலைகள் இருப்பதால், சாப்பிடுகிறவன் கண்ணெதிரே நரம்பு இறங்குவதும் மீன் ஏறுவதுமாக இருக்கிறது. ஒரு நரம்பில் பல கொளுக்கிகள்; ஒவ்வொன்றிலும் சிறு இறகு. ஒரு முதியவர் சுண்டி இழுத்தார். விரல் நீள மீன்கள் நாலைந்து வெள்ளியாய்த் துடித்து ஏறின. அவற்றைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு, திமிங்கிலம் பிடித்தவரின் கம்பீரத்தோடு என்னைப் பார்த்தார். கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் காகத்துக்கு விட்டுவைக்கும் அளவு அது. ஆனாலும் விருந்தாளியாய்ப் போன இடத்தில் உண்மையை முழுவதும் பேசலாகாது என்பதால், மாஷா அல்லாஹ் என்றேன். அவர் மகிழ்ந்து, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் எனக்கும் தேநீர் வரவழைத்தார். பால் கிடையாது, நம் வெறுந்தேத்தண்ணிதான். இலை மட்டும் அவர்களின் கருங்கடற்கரை ரீஸேயில் விளைந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லை.

பாலத்தடியில் எமினொனுத் துறையில் கப்பலேறினால் கால் மணி, இருபது நிமிஷத்தில் ஆசியாவின் உஸ்குதார். துறைமுகத்துக்கு எதிரிலேயே, சுலைமான் சுல்தானின் மகள் மிஹ்ரிமாவுக்காக அதே ஸினான் 1548இல் கட்டிமுடித்த பள்ளி இருக்கிறது. லுஹரை ஐரோப்பாவிலும் அஸரை ஆசியாவிலும் தொழுதேன் என்று ஊரில் உங்களைத் தவிர எத்தனை பேர் சொல்லமுடியும்? அடுத்த கப்பலில் திரும்பி நேரே விமான நிலையம்; கடையில் நின்று பேரம் பேச ராத்தாவை விடாதீர்கள்.

பெட்டிகளைக் கொழும்பிலேயே லண்டன் வரை பதியச் சொல்லுங்கள். இடையில் நீங்கள் தூக்கித் திரியவேண்டியதில்லை. மருதமுனைச் சாரம் இரண்டு எனக்குப் போதும். இறைச்சியும் எருமைத் தயிரும் இந்நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடந்தராது, ராத்தா அழுதாலும் வைக்கவேண்டாம். மீனுக்கு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஆகவே கருவாட்டைத் தயங்காமல் கட்டுங்கள். ஆனால் கைப்பையில் அல்ல, பெரிய பெட்டியில்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்