கோழி தின்றது போக மீதி

"நீங்க யாருக்காவது எதையாவது கொடுத்திருக்கீங்களா?" என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். அத்தனை கைகளும் மேலே போயின. நெஞ்சு நிறைந்துவிட்டது. முன் வரிசைக்காரியை எழுப்பி, யாருக்குக் கொடுத்தாய் என்றேன்.

"குரங்குக்கு சார்."

மற்ற கைகளும் குரங்குக்காகவே தூக்கியவை. கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? விடுமுறை வந்தால் புக்கிட் மெலாவாத்தி, கையில் ஒரு கட்டுப் பயற்றங்காய். அந்தக் குன்றில் இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. சாம்பல் நிற உடம்பும் உச்சிக் குடுமியுமாக இருப்பவை பரம சாது. நம் உள்ளங்கையிலிருந்து விரல் நுனியால் எடுத்துக்கொள்ளும். நீண்ட வால்காரர்களுக்கு அந்த மரியாதை கிடையாது, பையோடு பறிப்பார்கள்.

"நீ கொடுத்தியா, பறிகொடுத்தியா?" என்று கடைசி வரிசைக்காரனைக் கேட்டேன்.

"முதல்ல கொடுத்தேன் சார். அப்புறம் மிச்சத்தை அதுவே எடுத்துக்கிச்சு."

மனிதருக்குக் கொடுப்பது எப்படி என்று ஒரு வாரம் பழக்கிவிடலாம் என்று நான் முடிவெடுத்தது அப்போதுதான். இது பாதி உண்மை. சமூகப் பங்களிப்பு என்ற தலைப்பில் பள்ளியிலிருந்து ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது மறு பாதி. பழைய லயத்துப் பக்கம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தனியாக இருக்கும் மூத்தவர்கள் சிலருக்கு வெள்ளிக்கிழமை சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது திட்டம். திங்களன்று ஒரு மைலோ அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தோம். பெட்டியில் விழுவதை வைத்தே கணிதம், மொழி, வரலாறு எல்லாம் நடக்கும் என்று நான் அறிவித்தபோது, பக்கத்து வகுப்பு டீச்சர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி நிறைய ஆரம்பித்தது. சர்டின் டின்கள், கிரீம் கிராக்கர் பிஸ்கட், உப்பு, 5 கிலோ அரிசி. தீபாவளி ஹேம்பரிலிருந்து கிளம்பி, யாராலும் பிரிக்கப்படாமல் வீடு வீடாக அன்பளிப்பாகவே வாழ்ந்து வந்த ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. நல்லவேளை, காலாவதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு தாயார் தேத்தூள் அனுப்பிக் கூடவே சீட்டும் வைத்திருந்தார்: "சார், இதில் பாதி மட்டும் தானம். மீதியைப் பாக்கெட்டோடு பிள்ளையிடம் திருப்பி அனுப்பவும்." இவ்வளவு தெளிவான கொடையாளியை நான் பெரிய விழா மேடைகளில்கூடக் கண்டதில்லை.

கடைசி வரிசைக்காரன் கொண்டுவந்தது கோழி. உயிருள்ள கோழி, கால்கள் கட்டியிருந்தன.

"பாட்டிக்கு சர்டின் பிடிக்காது சார்."

கோழியைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கழித்தலில் கடன் வாங்குவதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அது பையைக் கொத்தி ஓட்டை போட்டு அரிசியைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. தானமே தானத்தைத் தின்றது.

சரி, வந்த கணக்கை விடுவானேன்? "5 கிலோ அரிசி. கோழி தின்றது போக மீதி எவ்வளவு?" என்று எழுதிப்போட்டேன். கழித்தல் என்றாலே பென்சிலைத் தொலைத்துவிடும் வகுப்பு அன்றைக்குச் சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் தராசு வாங்க ஓடியது. நிறுத்தார்கள், கழித்தார்கள், சண்டை போட்டார்கள். 80 கிராம் குறைந்தது என்று முடிவானபோது ஒருவன் எழுந்தான்.

"குறையவே இல்லலா சார். அரிசி கோழிக்குள்ளதானே இருக்கு? கோழியும் பாட்டிக்குத்தானே போகுது?"

விடைப்பட்டியலில் இதற்கு இடமில்லை. இருந்தாலும் சரி போட்டேன்.

புதன்கிழமை வரலாறு. கொடுப்பதும் வாங்குவதும் தோட்டத்துக்குப் புதிதில்லை என்று காட்ட ஆசை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலிருந்து தொடங்கினேன்: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும்.

"ஒன்பது பேர் இருந்தா சார்?"

"கட்டாயமில்லை."

உடனே தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "பதினொன்னு சார். கோழியோட பன்னிரண்டு."

பள்ளியில் மொத்தம் 150 பேருக்குக் குறைவாக இருந்தால் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று நம்மைக் குறித்து வைத்திருக்கிறார்கள். காரணம் ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பிற்பாடு அவர் நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கிக்கொண்டார். ரப்பர் என்றால் விடிவதற்குள் மரத்துக்கு மரம் ஆள் போய் நிற்க வேண்டும். செம்பனைக்குக் குலை பழுக்கிறபோது வெட்டினால் ஆயிற்று, அதனால் ஆள் குறைவு. ஆள் குறைந்தால் லயம் காலி. லயம் காலியானால் மூன்றாம் ஆண்டில் பதினொரு பேர். பரிசைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஹேம்பரா சார்?"

பிறகு கோ. சாரங்கபாணி. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே தமிழ் நூலகம் அமைக்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி. அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத தோட்டத்து ஜனங்களும் கொடுத்தார்கள். அடுத்து வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்த நேரம், 1960இல் அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளித் தவணை. அப்படிச் சேர்ந்த பணத்தில் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கினார்கள்.

"அப்ப துரை யாரு சார்?"

"அவங்களேதான்."

"அவங்களே வேலை செஞ்சு, அவங்களே அவங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்குவாங்களா?" முன் வரிசைக்காரி நெடுநேரம் யோசித்தாள். "சம்பளம் கூட்டிக் கேட்டா யாரைத் திட்டுறது?"

இந்த ஒரு கேள்விக்கே ஒரு வாரம் வேண்டும். மணி அடித்துக் காப்பாற்றியது.

வியாழக்கிழமை முழுக்க மழை. உட்கார்ந்து பேச்சு மனப்பாடம் செய்தோம்.

அந்தப் பேச்சின் கதி வெள்ளிக்கிழமை முதல் வீட்டிலேயே தெரிந்துபோனது. முன் வரிசைக்காரி பாட்டியின் எதிரே விறைப்பாக நின்று, "பெருமதிப்பிற்குரிய பாட்டி அவர்களே!" என்று தொடங்கினாள். பாட்டி பதறிப்போய் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, யாரு தவறிட்டாங்க?"

விஷயத்தைச் சொல்லிச் சாமான்களைக் கொடுத்தோம். பாட்டி ரப்பர் மரம் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கி ஓய்ந்தவர். வாங்கிய வேகத்தில் அடுப்பைப் பற்றவைத்தார். நாங்கள் கொடுத்த தேத்தூளில் எங்களுக்கே தேத்தண்ணி, நாங்கள் கொடுத்த கிரீம் கிராக்கர் எங்கள் தட்டிலேயே. வேண்டாம் பாட்டி என்றதற்கு, "வீட்டுக்கு வந்த பிள்ளைங்களை வெறும் வாயோட அனுப்பவா?" என்று அதட்டினார். போகும்போது பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு வெள்ளி, எனக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை. கோழியை மட்டும் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "பெட்டை. முட்டை வெச்சா நீ வந்து எடுத்துக்கடா."

அடுத்த வீட்டுத் தாத்தா பேரீச்சம்பழப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் ஒரு பேனாக் கிறுக்கல். "இது தீபாவளிக்கு நான் எங்க மருமவனுக்குக் கொடுத்ததாச்சே!" என்றார். யார் யார் கை மாறி வந்திருக்கும் என்று உட்கார்ந்து சொந்தக்காரர்களை வரிசையாக அலசினார். முடிந்ததும், பெட்டியை அப்படியே கடைசி வரிசைக்காரன் கையில் வைத்தார். "பிள்ளைங்க சாப்பிடட்டும்." கூடவே ஒரு பொட்டலம் கருவாடு.

கொடுத்தது, வாங்கியது என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு வகுப்பு கணக்கெழுதிக்கொண்டு வந்தது. மூன்றாவது வீட்டிலேயே வாங்கியது பத்தி நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனது. திரும்பும்போது மைலோ பெட்டி போதாமல் சாக்கு ஒன்று கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அதையும் கணக்கில் எழுதினார்கள்.

அறிக்கைப் படிவத்தில் 'பயன்பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். வகுப்பையே கேட்டேன். பாட்டி, தாத்தாக்களை எண்ணினார்கள், பிறகு தங்களை எண்ணினார்கள், முருங்கைக்கீரைக்காக என்னையும் சேர்த்தார்கள். பேரீச்சம்பழத்தின் மருமகனைச் சேர்ப்பதா என்று ஒரு விவாதம் ஓடியது. கடைசி வரிசைக்காரன் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை.

"சார், அடுத்த வாரம் எந்த நாள் கொடுக்கப் போறோம்?"

"ஏன்டா?"

"பாட்டி வீட்டுப் பலா செவ்வாய்க்கிழமை பழுத்துருமாம்."