கல்லறை சொல்லும் பாடம்

கேள்வி: குளச்சல் போர் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். விடையை நீங்களே தந்துவிடுங்களேன்!
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தக்கலை

பதில்: 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. இதோடு நிறுத்தினால் உனக்கு மார்க் கிடைக்கும், எனக்கு மனசு ஆறாது மக்ளே! அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) ஆனார். தோற்றவரையே வாத்தியாராக்கிப் படைக்குப் பாடம் நடத்தவைத்த மன்னர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர்! 1777-இல் இறந்த டிலனாயின் கல்லறை உன் ஊருக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் வாசகங்கள் பொறித்திருக்கிறார்கள். கைடு வாங்குகிற காசில் பஸ்ஸிலேயே போய்வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தமிழ் வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டு வா. மீதிப் பக்கத்தை நீயே எழுதிவிடுவாய்.